அளவு எடுக்கும் முன்னால் எங்களைக் கேளுங்கள்

எனக்கு டேப் பிடிக்கத் தெரியும். கடலூர் முதுநகரில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். டேப்பைக் கொஞ்சம் இறுக்கினால் அரை அங்குலம் காணாமல் போகும், தளர்த்தினால் அரை அங்குலம் கூடும். கை மாறினால் அளவும் மாறும். இதை ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு நான் சொல்ல வேண்டிவந்தது. அன்றைக்கு அளந்தது என் கால்.

இடது காலில் எனக்கு யானைக்கால். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தேன். காய்ச்சல் போனது, பாதத்தில் வந்த வீக்கம் போகவில்லை. அப்புறம் வருஷத்துக்கு நாலைந்து தடவை அதே காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் பருத்தது. பெடலை வலது காலால் மட்டும் மிதித்துப் பழகிக்கொண்டேன்.

இந்த நோய்க்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய உறவு. கொசு போன்ற பூச்சிகளால் பரவும் நோய்களை ஆராய்வதற்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் கொசு பெருகும் சாக்கடை, கிணறு எல்லாவற்றையும் கவனித்து யானைக்காலைக் குறைக்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. அப்புறம் ஊரையே வரிசையில் நிறுத்தி யானைக்காலுக்கான டி.இ.சி. மாத்திரை விழுங்கவைத்தார்கள். என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளிடம் இந்த வீக்கத்தை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். ஆராய்ச்சி இல்லாமல் இது நடந்திருக்காது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் கதை வேறு. இந்த நோயை உண்டாக்குவது கொசு வழியாக உடம்புக்குள் வரும் ஒரு புழு. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக்குழாய்களில் தங்கியிருந்துவிட்டு, ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வரும். அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். அதனால்தான் ராத்திரி வந்து விரல் குத்தி ரத்தம் எடுப்பார்கள். ஆனால் வீங்கிப் பல வருஷம் ஆன எங்களில் பெரும்பாலோர் ரத்தத்தில் குஞ்சு இருக்காது. உடம்பின் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போய், வீக்கம் மட்டும் தங்கிவிடும். 2000இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, மாத்திரை கொடுத்துப் பரவலை நிறுத்துவது. இன்னொன்று, வீங்கியவர்களைப் பராமரிப்பது. முதல் பாகத்துக்கு ஊரே திரண்டது. இரண்டாம் பாகத்துக்கு நாங்கள் காத்திருந்தோம்.

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு வந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை. ஒன்பது மணிக்கு மேல் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் பகலில் வந்து, புடவையை முட்டிக்கு மேல் தூக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவே இல்லை. மூன்று வருஷம் கழித்து என் மகளின் பள்ளிக்கூடத்தில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில், சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தில் என் காலைப் பார்த்தேன். முகம் இல்லை. ஆனால் வீக்கத்தால் மெட்டியை வெட்டி எடுத்தபோது இரண்டாம் விரலில் விழுந்த தழும்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் காலைக் காட்டுவதில்லை என்று இருந்துவிட்டேன்.

அதனால் 2024 ஆடி மாசம் சுகாதார செவிலியர் வந்து, ‘அக்கா, கால் பராமரிப்புப் பற்றி ஒரு ஆய்வு தொடங்கப்போகிறார்கள், ஆலோசனை சொல்ல உங்களைக் கூப்பிடுகிறார்கள்’ என்றபோது முடியாது என்றேன். அவர் விடவில்லை. ‘ரத்தம் எடுக்கமாட்டார்கள், போட்டோ எடுக்கமாட்டார்கள், நீங்கள் பேச வேண்டும், அவ்வளவுதான்’ என்றார். சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போனேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு அறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் நாற்காலி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மர ஸ்டூல். எதற்கென்று முதலில் புரியவில்லை. ஆய்வை நடத்தும் டாக்டரம்மா, ‘காலைத் தொங்கவிட்டால் வீங்கும் இல்லையா, மேலே வைத்துக்கொண்டே பேசுங்கள்’ என்றார். வெளி இடத்தில் என் காலைப் புடவைக்குள் ஒளிக்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நோயாளிகளைப் பங்காளிகளாகச் சேர்க்க நினைக்கும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் அறையைப் பாருங்கள். யாருக்கு மேசை, யாருக்கு பெஞ்சு என்பதிலேயே யார் பேசலாம் என்பது தெரிந்துவிடும்.

அன்றைக்கு நாங்கள் ஒன்பது நோயாளிகள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினார்கள். ‘நீங்கள் சீரற்ற முறையில் இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்று ஒரு வரி. படித்துக் காட்டிய பையன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். எங்கள் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்த ஆயா எழுந்துவிட்டார். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்றவர், எழுபது வயதுக்கு மேல். ‘ஏற்கெனவே ஒதுக்கித்தானே வெச்சிருக்காங்க, நீங்களும் ஒதுக்கணுமா?’ என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது.

படிவத்தை எழுதியவர்களுக்கு அது ஒரு கலைச்சொல். கல்யாணத்துக்கு அழைக்கப்படாத, குழாயடியில் தள்ளி நிற்கச் சொன்ன, பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப்போன வீட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். ஆய்வில் சேருபவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் அறநெறிக் குழுவைத் தாண்டித்தான் படிவம் வந்திருந்தது. படித்தவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அந்தச் சொல் எங்களைச் சுட்டதை ஆயாதான் சொன்னார்.

அந்த வரியைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. நான் ‘குலுக்கல்’ என்றேன். குலுக்கல் சீட்டுப் போடாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ‘சீட்டுக் குலுக்குவது போல, யார் எந்தக் குழு என்று யாரும் முன்கூட்டியே முடிவு செய்யாமல் சேர்ப்போம்’ என்று எழுதினோம். உடனே இன்னொருவர், ‘சீட்டில் விழாதவருக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்டார். சரியான கேள்வி. ஒரு குழுவுக்குக் கால் கழுவும் பொருட்களும் வீட்டுக்கு வந்து பயிற்சியும். இன்னொரு குழுவுக்கு வழக்கமாக ஆஸ்பத்திரியில் கிடைப்பது மட்டும். எல்லோருக்கும் முதல் நாளே கொடுத்தால் என்ன என்று நாங்கள் ஒரே குரலில் கேட்டோம்.

இந்த இடத்தில் டாக்டரம்மா எங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. ‘கோடையில் உங்களுக்குக் காய்ச்சல் எத்தனை தடவை, மழைக்காலத்தில் எத்தனை தடவை?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். எல்லோருக்குமே மழையில்தான் அதிகம். விரலிடுக்கில் ஈரம் நின்று, புண்ணாகி, அது வழியாகக் கிருமி போய்த்தான் காய்ச்சல் வருகிறது. ‘எல்லோருக்கும் கொடுத்து, தை மாசம் காய்ச்சல் குறைந்தால், குறைத்தது சோப்பா வெயிலா என்று எப்படிச் சொல்வேன்?’ என்றார். இருபது வருஷமாக என் காலோடு வாழ்கிற எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது. ஒத்துக்கொண்டோம். ஆனால் ஆய்வு முடிந்ததும் இரண்டாம் குழுவுக்கும் அதே பொருட்கள், அதே பயிற்சி என்று படிவத்திலேயே எழுதவைத்தோம். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வேண்டும் என்றோம்.

சமமாக நடத்துவது என்றால் நோயாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். தலையாட்டினால் நான் அங்கே வெறும் விருந்தாளி. எனக்குக் காரணம் சொல்லுங்கள், என் காரணத்தையும் கேளுங்கள், அது போதும்.

டேப் விஷயம் இரண்டாவது கூட்டத்தில் வந்தது. வீக்கம் குறைகிறதா என்று பார்க்க மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து காலை அளப்பதாகத் திட்டம். இரண்டு ஊழியர்கள் என் காலையே அளந்து காட்டினார்கள். இரண்டு பேருக்கும் வேறு வேறு அளவு. ஒருவர் கணுக்கால் எலும்புக்கு மேலே பிடித்தார், இன்னொருவர் எலும்பின் மீதே பிடித்தார். ஒருவர் சதை அமுங்க இழுத்தார். நான் அவர்கள் கையிலிருந்து டேப்பை வாங்கினேன். முதலில் குதிகாலைத் தரையில் பதித்து, தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர், இருபது, முப்பது என்று பேனாவால் கோடு போட்டேன். அந்தக் கோட்டில் டேப்பை வைத்து, தோலைத் தொட்டும் தொடாமலும் சுற்றினேன். ஒரே இடத்தை மூன்று தடவை அளந்து காட்டினேன், மூன்று தடவையும் ஒரே எண் வந்தது. அடுத்த அரை நாள் அந்த இரண்டு பேருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன்.

இன்னொன்றும் சொன்னேன். காலையில் எழுந்ததும் இருக்கும் கால் வேறு, மெஷினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு இருக்கும் கால் வேறு. முதல் மாசம் காலையில் வந்து, அடுத்த மாசம் சாயங்காலம் வந்து அளந்தால், வீக்கம் கூடிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். அதனால் எல்லோருக்கும் காலை ஒன்பது மணிக்குள் என்று முடிவானது. இதையெல்லாம் ஆராய்ச்சி நூல்களிலும் எழுதியிருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். எழுதியிருக்கலாம். எங்கள் வாசலுக்கு வந்து நிற்கும் நேரத்தை முடிவு செய்தது நாங்கள்தான்.

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. எதை அளப்பது? திட்டத்தில் முதன்மையாக இருந்தது வீக்கத்தின் சுற்றளவு. எங்களைக் கேட்டார்கள். ஒருவர்கூட சென்டிமீட்டர் சொல்லவில்லை. ‘காய்ச்சலில் படுத்து வேலைக்குப் போகாத நாள்’ என்றார் ஒருவர். ‘நாற்றம்’ என்றார் இன்னொருவர், மெதுவாக. நான் செருப்பு என்றேன். காலுக்குச் செருப்பு நுழைந்தால் வெளியே போகலாம், போனால் துணி வாங்கலாம், புதுச்சேரி வரைக்கும் போய் ஆர்டர் எடுக்கலாம்.

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்ன ஒரு செய்தியை நான் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மூட்டுவாத ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பு 1992 முதல் கூடிவருகிறது. 2002 கூட்டத்தில்தான் நோயாளிகளையும் உட்காரவைத்தார்கள். அதுவரை வலி, வீங்கிய மூட்டு எத்தனை என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர்களிடம், மூட்டுவாதத்தில் ஒரு வகையான முடக்குவாதம் உள்ளவர்கள் ‘அசதி’ என்றார்கள். ஆளை அடித்துப்போடும் அசதி. சில வருஷத்தில் முடக்குவாத ஆய்வுகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று முடிவானது. அதைக் கேட்டபோது, எங்கோ ஒரு ஊரில் என்னைப் போலவே ஒருத்தி ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு பேசியிருப்பாள் என்று தோன்றியது. எங்கள் ஆய்விலும் காய்ச்சலில் படுத்த நாள் முதன்மை அளவாக மாறியது. சுற்றளவு இரண்டாவது இடத்துக்குப் போனது. அதற்காக ஒரு நாள்காட்டி அடித்துக் கொடுத்தார்கள். படுத்த நாளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வசதி.

செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு காலுக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டும், பட்ஜெட்டில் இல்லை என்றார்கள். பட்ஜெட் எப்போது முடிவானது என்று கேட்டேன். எங்களைக் கூப்பிடுவதற்கு எட்டு மாசம் முன்பே. இதைத்தான் நான் எல்லா ஆராய்ச்சியாளர்களிடமும் சொல்ல விரும்புகிறேன். பணம் பிரித்து, கேள்வி எழுதி, கையெழுத்தும் ஆன பிறகு எங்களைக் கூப்பிட்டால், சொற்களைத் திருத்தலாம், நேரத்தை மாற்றலாம், அவ்வளவுதான். மருத்துவ ஆராய்ச்சிக்கான அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி அறிக்கை 1964இல் வந்தது. அதை 2024 அக்டோபரில் திருத்தியபோது, ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் பங்கேற்பவர்களையும் அவர்கள் சமூகத்தையும் அர்த்தமுள்ள வகையில் ஈடுபடுத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்த ‘முன்பு’ என்ற சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

நாங்கள் புத்தகம் படித்து இதைக் கற்கவில்லை. எங்கள் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 2004இல் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்து மக்களே பயிற்சி எடுத்து, வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்தார்கள். ராத்திரியில் நாற்றத்தால் தூக்கம் கெட்டவருக்குத்தான் எப்போது வாளியைத் தூக்க வேண்டும் என்பது தெரியும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். கூட்டம் வாரநாளில் பதினொரு மணிக்கு. வந்திருந்த டாக்டர்களுக்கு அது சம்பள நாள். எனக்கு அது இரண்டு ஜாக்கெட் கூலி போன நாள். முதல் கூட்டம் முடிந்ததும் பஸ் காசு கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். அடுத்த தடவை நான் நேராகவே கேட்டேன், எங்கள் நாளுக்கு என்ன விலை என்று. அதற்குப் பிறகு ஒரு நாள் கூலி வந்தது. ஆனால் பான் கார்டு, பேங்க் பாஸ்புக் நகல் என்று கேட்டு, மூன்று மாசம் கழித்துத்தான் ஏறியது. ஆயாவிடம் பான் கார்டே இல்லை. நோயாளிகளுக்குப் பணம் கொடுக்கத் திட்டமிடும் குழு, அன்றைக்கே கையில் கொடுக்கும் வழியை முதலிலேயே தங்கள் அலுவலகத்தில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்தின மாசம் கூட்டம் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். தையல்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

யார் வரவில்லை என்றும் பாருங்கள். இந்த நோயால் ஆண்களுக்கு விரை வீக்கம் வரும். அவர்களில் ஒருவர்கூட எங்கள் வட்டத்தில் உட்காரவில்லை. பெண்கள் முன்னால் எப்படிப் பேசுவார்கள்? மூன்றாவது கூட்டத்தில்தான் இது உறைத்தது. அவர்களுக்குத் தனியாக, கடலுக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஒரு ஆண் ஊழியரை வைத்து மீன் இறங்குதளம் பக்கம் கூட்டம் போட்டார்கள்.

நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தது. தென்பெண்ணையில் வெள்ளம். முட்டளவுத் தண்ணீரில் நான்கு நாள். கையில் இருந்த பயிற்சித்தாளில் ‘தினமும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி, ஈரமில்லாமல் காயவைக்கவும்’ என்று இருந்தது. நல்ல அறிவுரைதான், இன்றும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் வெள்ளத்தில் சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? ஒருவர் மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் கழுவினார். ஒருவர் கேன் தண்ணீரில் ஒரு டம்ளரைக் காலுக்கு ஒதுக்கினார். நான் இரண்டு பிளாஸ்டிக் கவரைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தேன். அது தப்பு, உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. ஆறாம் நாள் காய்ச்சல். ஜனவரிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னோம். பயிற்சித்தாளில் ‘மழை வெள்ள நாட்களில்’ என்று ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்தது. அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் காலில் பட்டுத் தெரிந்துகொண்டது.

உங்களை ஒரு ஆய்வுக்குக் கூப்பிட்டால், இருபது வருஷம் முன்பு நான் கேட்காததை நீங்கள் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு நகல் உங்களுக்கு வர வேண்டும், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பது அதில் இருக்க வேண்டும். போட்டோ எடுத்தால் அது எங்கெல்லாம் போகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்தையோ சிகிச்சையையோ சோதித்துப் பார்க்கும் ஆய்வென்றால் 2007 முதல் நம் நாட்டில் இருக்கும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். முடிவை எங்களிடம் எப்போது, எந்த மொழியில் வந்து சொல்வீர்கள் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் ஆய்வின் முடிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வட்டத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார்கள். கட்டுரையாக வெளிவரும் முன் எண்களைப் பொதுவில் சொல்வதில்லை என்று எல்லோரும் பேசி வைத்திருப்பதால் இங்கே எழுதவில்லை. கட்டுரையில் பெயர் போடுவது பற்றி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். நான் போடுங்கள் என்றேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். நன்றி சொல்லும் இடத்தில் அவர்களை ‘முதுநகர் நோயாளிப் பங்காளிகள்’ என்று எழுதலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

போன மாசம் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். அடுத்த ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதப் போகிறாராம். கையில் படிவம் இல்லை, கேள்வித்தாள் இல்லை, ஒரு நோட்டு மட்டும். ஆயாவையும் கூப்பிட்டிருந்தேன். ‘எதை ஆராயலாம் சொல்லுங்க ஆயா’ என்று கேட்டு நோட்டைத் திறந்தார். ஆயா என் பக்கம் திரும்பி, ‘நீயே சொல்லும்மா, அன்னிக்கே சொன்னியே’ என்றார். முதல் பக்கத்தில் முதல் வரியாக டாக்டரம்மா ‘செருப்பு’ என்று எழுதினார். நான் டேப்பை எடுத்து ஆயாவின் பாதத்தை அளக்க ஆரம்பித்தேன்.